பார்த்தது, சரியாக இருந்தது

ஸ்பேர் கடையில் இப்போது கிழித்துத் தரும் பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சு அந்தத் தாளிலேயே இருக்கிறது. எந்திரம் சூடு வைக்கிறது, எழுத்து எழும்புகிறது. அதனால்தான் அந்தப் பில்லுக்கு ஆயுசு கம்மி. சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரில் டாஷ்போர்டு மேல் கிடந்தால், எந்திரம் விட்ட இடத்திலிருந்து வெயில் தொடங்கித் தாள் முழுவதையும் கறுக்கடித்துவிடும். ஃபைலில் வைத்தாலும் நாள்பட எழுத்து வெளிறும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளிறும். பேட்டரி வாரண்டிக்குப் போய் நிற்கும் நாளில் கடைக்காரரிடம் நீட்ட வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

ஆகவே பில் வந்த அன்றே பால்பாயின்ட் பேனாவால் நோட்டில் ஏற்றிவிட வேண்டும். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, என்ன சாமான், யார் செய்தது, எவ்வளவு. இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். போனில் படம் எடுத்தும் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் படம் எடுக்கிறவர் பில்லைப் படிப்பதில்லை. கையால் எழுதுகிறவர் படித்துத்தான் ஆகவேண்டும். அப்போதுதான் ‘இதர செலவு’ என்று ஒரு வரி இருப்பது கண்ணில் படும். அது என்ன என்று கேட்கவும் தோன்றும்.

*

ஓடினால்தானே தேயும் என்று நினைக்கிறோம். சர்வீஸ் புத்தகம் அப்படி நினைப்பதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. வண்டிக்கு இரண்டு கணக்கு. ஒன்று ரோட்டில் ஓடுகிறது, இன்னொன்று நின்ற இடத்திலேயே ஓடுகிறது.

நின்ற இடத்தில் ஓடும் கணக்குக்கு நல்ல சாட்சி பிரேக் ஆயில். காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்று போட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 140 டிகிரிதான். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கொல்லிமலைக்குப் போய்விட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால் தெரியும். சக்கரத்துச் சூடு ஆயிலுக்கு ஏறும், ஆயில் கொதிக்கும், குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயில் அழுத்தத்துக்கு மசியாது, ஆவி மசிந்துவிடும். மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

என்ஜின் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். பிரேக் ஆயில் எப்போது என்று கேட்டால் யோசிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை மனசில் தங்காது. மாதா மாதம் வருவது பழக்கமாகிவிடும், பெரிதாகக் கெட்டது கதையாகிவிடும். நடுவில் இருப்பவற்றுக்குத்தான் நோட்டு.

*

நாமக்கல் பக்கம் லாரி ஆபீஸ்களில் டயருக்கென்று தனி நோட்டு இருக்கும். டயருக்கு டயர் எண் போட்டு, எந்த வண்டியில் ஏறியது, எந்தச் சக்கரம், எத்தனையாவது கிலோமீட்டரில் இறங்கியது, எத்தனை முறை ரீட்ரெடிங் ஆனது என்று எழுதியிருப்பார்கள். புது டயர் முன்னால் போகும்; தேய்ந்து ரீட்ரெடிங் ஆனது பின்னால் போகும். டயர்தான் அவர்களுக்கு டீசலுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று. கவனம் அங்கே தானாகப் போகிறது.

கார்க்காரருக்கு ஐந்தே டயர். அதனாலேயே எழுதத் தோன்றாது. ஆனால் டயர் தன் கணக்கைத் தன் மேலேயே எழுதிக்கொண்டுதான் வருகிறது. பக்கவாட்டில், டாட் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் வார்த்தது. டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னி ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, பட்டன் பளபளவென்று இருக்கும், அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தால் மற்ற நான்கையும்விட அதுதான் மூத்ததாக இருக்கும். ரப்பர் சும்மா இருந்தும் இறுகும்.

நோட்டின் உள்ளட்டையில் ஐந்து டயருக்கும் அந்த இலக்கங்களை, எது எந்தச் சக்கரம் என்று காட்டும் அம்புக்குறியோடு எழுதி வைத்திருக்கிறேன். டயரை இடம் மாற்றிப் போட்டால் அம்புக்குறியையும் மாற்றிப் போட வேண்டும்.

*

பில் என்பது காசு கைமாறியதற்குச் சாட்சி. மாற்றிய சாமானுக்குப் பில் உண்டு. மாற்றாமல் விட்டதற்குக் கிடையாது. ஆனால் எந்த சர்வீஸை எடுத்தாலும், கழற்றிப் பார்த்துவிட்டு “இன்னும் ஓடும் அண்ணே” என்று மெக்கானிக் திரும்பப் பூட்டிய சாமான்கள்தான் அதிகம். அந்த ஒரு நிமிஷப் பார்வைக்குத் தாள் இல்லை. அடுத்த முறை வேறொருவர் கழற்றும்போது மறுபடி முதலிலிருந்து.

என் நோட்டில் அடிக்கடி வரும் வரி ‘பார்த்தது, சரியாக இருந்தது’ என்பதுதான். முதலில் இதை எழுதுவது வீண் வேலையாகப் பட்டது. ஒன்றும் நடக்காததை எதற்கு எழுத வேண்டும்? பிறகு சரி என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு சரி என்றும் எழுதத் தொடங்கினேன். அங்கேதான் நோட்டுக்கு உயிர் வந்தது.

முன் சக்கர பிரேக் பேடை எடுத்துக்கொள்ளலாம். புதிதில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. 52,000 கிலோமீட்டரில் 7 மில்லிமீட்டர் என்று ஒரு வரி. 62,000இல் 5 மில்லிமீட்டர் என்று இன்னொரு வரி. இரண்டையும் பார்த்து மூன்றாவது வரியைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்: 72,000இல் மாற்ற வேண்டும். அதுவரை கிரீச் என்று கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. “மாத்திடுவோமா அண்ணே?” என்று யாராவது கேட்டால் பதிலும் கையில் இருக்கிறது.

சக்கரம் கழன்றிருக்கும்போது ஸ்கேலை வைத்து அளந்து கேட்பேன். எங்கள் மெக்கானிக்குக்கு ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அவரே கீழிருந்து குரல் கொடுக்கிறார். “அண்ணே, எழுதிக்குங்க. இடது அஞ்சு, வலது மூணரை.” ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய வேண்டியது. வலது பக்கத்து காலிப்பரின் பின் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. காலை எடுத்த பிறகும் அந்தப் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டினார். ‘சரியாக இருந்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது அகப்பட்டிருக்காது.

*

சத்தத்தை எழுதுவது கஷ்டம். நம் கை உடனே நோயின் பெயரை எழுதப் பார்க்கும். ‘பேரிங் போய்விட்டது’ என்று எழுதிக்கொண்டு போனால், கேட்கிறவரும் பேரிங்கைத்தான் மாற்றுவார். சத்தம் அப்படியே இருக்கும்.

காதுக்குக் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். எந்த வேகத்தில், சூடேறும் முன்பா பின்பா, திருப்பும்போதா நேராகப் போகும்போதா, பிரேக் பிடித்தால் நிற்கிறதா. ‘காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு கணம், பிறகு இல்லை.’ இது பெரும்பாலும் பெல்ட். ‘50க்கு மேல் கும்மென்று. வலது பக்கம் வளைக்கும்போது கூடுகிறது.’ வலது பக்கம் வளைத்தால் பாரம் இடது சக்கரத்தில் ஏறும். ஆகவே இடது பக்கத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும். ‘முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்டக்.’ ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். இதையெல்லாம் முடிவு செய்வது மெக்கானிக்கின் வேலை. கேட்டதைக் கேட்டபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது வண்டிக்காரரின் வேலை.

பட்டறை வாசலுக்குப் போனதும் சத்தம் அடங்கிவிடும் என்பது எல்லோருக்கும் நடப்பதுதான். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவதைப்போல. அந்த நேரத்தில் நமக்காகப் பேச நோட்டு ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு சத்தத்தைப் பெயர் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமில்லை. பயம் ஒரு பெயர் சொல்லும், செலவுக் கணக்கு ஒரு பெயர் சொல்லும். இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கேட்டதை மட்டும் எழுதினால், பாதிச் சத்தங்கள் ஒரு வாரத்தில் டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டிலாகத் தெரிந்துவிடும்.

*

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாவி கைமாறி, 2014 ஜனவரியில் கடைசி வண்டி இறங்கும்வரை நாட்டில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் முதல் கார். என் வண்டியின் முதல் சொந்தக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர். சாவி கொடுத்தபோது கூடவே ஒரு நீள நோட்டையும் கொடுத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர்.

டேங்க் நிறையப் போட்டு, அடுத்த முறையும் நிறையப் போட்டு, இடையில் ஓடியதை லிட்டரால் வகுத்து மைலேஜ் எழுதியிருந்தார். ஓரத்தில் ஒன்றிரண்டு சொல்: ‘பழனி’, ‘மகள் பிரசவம், சேலம்’, ‘மழை, இடது வைப்பர் கோடு போடுகிறது’. முதல் வருஷங்களில் பக்கங்கள் சீக்கிரம் நிரம்பியிருந்தன. போகப்போக ஓரத்துச் சொற்கள் மாறின. ‘கண் ஆஸ்பத்திரி’, ‘மருந்துக்கடை’, ‘கோயில்’. ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடிய கிலோமீட்டர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஆயிரத்தைத் தொட்டாலே அதிகம். எழுத்து மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. கண் மங்கியிருக்க வேண்டும்.

கிலோமீட்டர் சுருங்கியபோதும் அவர் தேதியை விடவில்லை. வருஷம் ஆனதும் ஆயில் மாற்றியிருக்கிறார். இரண்டு வருஷம் ஆனதும் பிரேக் ஆயில். வண்டி வீட்டிலேயே நின்றது, கணக்கு நிற்கவில்லை. நான் அவரோடு அதிகம் பேசியதில்லை. ஆனாலும் அந்த வண்டியில் எது பழசு, எது புதுசு, எதை அவர் தள்ளிப்போட்டார் என்று எனக்குத் தெரியும்.

*

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிலோமீட்டரை. அந்த எண்ணைத் திருத்த முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிஜிட்டல் மீட்டரிலும் திருத்துகிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மீட்டரைப் பார்த்த கையோடு கிளட்ச் பெடலின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் வழவழப்பையும் பார்ப்பார்கள். மீட்டர் முப்பதாயிரம் என்று சொல்லும். ரப்பர் ஒரு லட்சம் என்று சொல்லும்.

அரசின் வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது சொந்தக்காரர், இன்சூரன்ஸ் எதுவரை என்று வரும். கிளட்ச் பிளேட் எப்போது மாற்றியது என்று வராது. பல வருஷமாகப் பல பேனாவில் எழுதிய நோட்டைப் பொய்யாகத் தயாரிப்பது மீட்டரைத் திருத்துவதைவிடக் கஷ்டம். நீலம், கறுப்பு, நடுவில் ஒரு பச்சை. ஒரு பக்கத்தில் கிரீஸ் விரல். எண்கள் சின்னச் சின்ன அடியாக ஏறிக்கொண்டே வரும். அவசரமாக ஒரே ராத்திரியில் எழுதியதற்கு இந்தச் சீரில்லாத தன்மை வராது.

*

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் நின்று படிக்க வேண்டும்.

பேட்டரி மாற்றியது. கொஞ்ச நாளில் மறுபடி பேட்டரி. அப்படியானால் கோளாறு பேட்டரியில் இல்லாமல் இருக்கலாம். ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றுகிறதா, வண்டி நிற்கும்போது எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது என்று மாதா மாதம் வந்தால் அந்தத் தண்ணீர் எங்கேயோ போகிறது. இடது முன் டயர் உள்விளிம்பில் தேய்ந்தது என்று இரண்டு முறை வந்தால் டயரைக் குறை சொல்லாமல் அலைன்மென்ட்டையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பில்லும் நியாயமாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் வந்த பிறகுதான் ஒன்றுக்கொன்று உறவு தெரிகிறது.

செலவை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், மனசு கெட்டுவிடும் என்று. நான் கூட்டுவேன், ஆனால் இரண்டாகப் பிரித்துக் கூட்டுவேன். ஆயில், ஃபில்டர், பேட், டயர் எல்லாம் ஓடியதற்கான கூலி. வண்டி எதுவானாலும் அது உண்டு. கெட்டுப்போய்ச் செய்த வேலைகளை மட்டும் தனியாகக் கூட்டினால்தான் வண்டியை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

*

சர்க்காருக்கு வேண்டிய தேதிகள் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். சொந்தக் காரின் ஆர்சி 15 வருஷம். அதற்கப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்று பழைய வண்டிக்கு ஆறு மாதம். இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், க்ளெய்ம் இல்லாமல் வருஷக்கணக்கில் சேர்த்த போனஸ், உச்சமான 50 சதவீதமாகவே இருந்தாலும், போய்விடும். 2018க்குப் பிறகு டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும் என்பதால், மூலத் தாள்களை வண்டிக்குள் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நோட்டையும் வண்டிக்குள் வைக்கக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது அடித்தளத்தில் நிறுத்திய கார்கள் கூரைவரை மூழ்கின. டாஷ்போர்டுக்குள் இருந்த தாள்களும் கூடவே மூழ்கின. தண்ணீர் இறங்கியதும் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள் பலர். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திருகாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போனவர்கள் தப்பித்தார்கள். தண்ணீர் எதுவரை ஏறியது, மிதியடி வரையா, சீட் வரையா, டாஷ்போர்டு வரையா என்பதும் நோட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும். பல மாதம் கழித்து ஏதோ ஒரு வயர் சாக்கெட் பச்சைப் பிடிக்கும்போது அந்த வரி தேவைப்படும்.

*

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போதுதான் மிதியடியைத் தூக்கிப் பார்க்கிறோம். அடியில் ஈரம், ஓரத்தில் துரு. அன்றைக்கு ஜாக்கிக்கும் வீல் ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்துத் தட்டில் அடுக்குவோம், பிள்ளைகளின் புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். இந்த நோட்டு எந்தப் பக்கம் என்று வீட்டில் ஒரு சின்ன வழக்கு நடக்கும். பெரும்பாலும் ஜாக்கி பக்கம்தான் போகும். துருவைப் பற்றிய வரியை மறுநாள் விஜயதசமிக்கு எழுதுவேன்.

*

என்றைக்காவது இந்த வண்டியையும் கொடுத்துவிட வேண்டி வரும். ஆர்டிஓ ஆபீஸில் படிவம் 29, படிவம் 30 என்று கேட்பார்கள். நோட்டை யாரும் கேட்கமாட்டார்கள். வாங்குகிறவருக்கு நாமாகக் கொடுத்தால்தான் உண்டு.

கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வேண்டும்: தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டவை. பின் கதவின் பீடிங் வழியாகக் கனமழைக்குத் தண்ணீர் வருகிறது. மூன்றாவது கியர் குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வலது பக்க மட்கார்டில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறது. இதை எழுதினால் விலையில் சில ஆயிரம் குறையும், வாங்க வந்தவர் அங்கேயே பேரம் தொடங்குவார். எழுதாமல் விட்டால், அதற்கு முன்னால் அத்தனை வருஷமாக எழுதியதெல்லாம் விளம்பரமாகிவிடும்.